குளவிக்கு ஏது பட்டா?

பூச்சியைக் கொல்கிற விஷத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? மருந்து! ‘கத்திரிக்கு மருந்து அடிச்சாச்சா?’ என்று கேட்கிறோம். அதையே ஒரு மனுஷன் வாயில் ஊற்றிக்கொண்டாலும் ‘மருந்தைக் குடிச்சுட்டான்’ என்றுதான் சொல்கிறோம். மருந்து என்று சொல்லிவிட்டால் அடிக்கிற கை கூசாது பாருங்கள்.

என் தோட்டம், என் காசு, என் பூச்சி. நான் மருந்து அடித்தால் அடுத்தவனுக்கு என்ன வந்தது? கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால், 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டிய ஒரு பூச்சி இந்த நியாயத்தை ஆட்டிப் பார்த்துவிட்டது.

பப்பாளி மாவுப்பூச்சி. பூர்வீகம் மெக்சிகோ. பெயரில்தான் பப்பாளி. மரவள்ளி, பருத்தி, வாசலில் நிற்கிற செம்பருத்தி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. நன்றாக அடிவாங்கியதில் மல்பரியும் ஒன்று. அந்த விவசாயியின் தர்மசங்கடத்தைப் பாருங்கள். ஒரு பூச்சியைப் பிள்ளை மாதிரி இலை போட்டு வளர்க்கிறார். இன்னொரு பூச்சியை ஒழிக்க வேண்டும். இலையில் விஷம் அடித்தால் அதைத் தின்கிற பட்டுப்புழுவும் போச்சு. விஷத்துக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி தெரியாதே! செடியையே பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு.

சரி, அடித்தவர்களாவது ஜெயித்தார்களா? மாவுப்பூச்சி மேலே மெழுகுப் பூச்சு இருக்கிறது. மழைக்கோட்டு போட்ட மாதிரி. மருந்து சரியாக ஒட்டாது.

மெக்சிகோவில் மட்டும் இது ஏன் இந்த ஆட்டம் போடவில்லை? அங்கே இதைத் தின்பதற்கென்றே குட்டிக் குளவிகள் உண்டு. கடல் தாண்டி வந்த பூச்சி, எதிரியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டது. 2010-ல் அமெரிக்க விவசாயத் துறை உதவியோடு, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை பெங்களூருக்கு வரவழைத்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் பெருக்கித் தோட்டங்களில் விட்டார்கள். அதில் அசெரோபேகஸ் பப்பாயே என்று ஒன்று. பெயர்தான் நீளம், ஆள் கடுகைவிடச் சின்னது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து, ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். குலை நடுங்குகிறதா? இதையும் கொலைக் கணக்கில் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால், இந்தக் கொலைகாரன் பட்டுப்புழுவைத் தொடமாட்டான். மருந்து அடிக்கிற கூலியாளின் நுரையீரலுக்குள் போகமாட்டான். ஒன்றிரண்டு வருடத்தில் மாவுப்பூச்சி பெரும்பாலும் அடங்கிப் போனது.

சிக்கல் எங்கே என்றால், குளவியை விட்ட மறுநாளே பூச்சி சாகாது. குளவி பெருகவேண்டும். அதுவரை இலையெல்லாம் வெள்ளையாய் அப்பியிருக்க, சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொறுமை இழந்து மருந்து அடித்தால், மெழுகுக்குள் இருக்கிற பூச்சி தப்பிக்கும், குளவி சாகும். குளவிக்குப் பட்டா, சிட்டா கிடையாது. வேலி தாண்டிப் பறக்கும். பக்கத்துத் தோட்டக்காரர் காத்திருக்க, நீங்கள் அடித்தீர்கள் என்றால், செத்தது யாருடைய குளவி?

அதற்காக உங்களைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. நகையை அடகு வைத்து நட்டிருப்பீர்கள். ‘என்னண்ணே, தோட்டம் வெளுத்துக் கிடக்கு, சும்மா இருக்கீங்க?’ என்று வருகிறவன் போகிறவனெல்லாம் கேட்பான். உரக்கடையில் மருந்து கடனுக்குக் கிடைக்கும். பொறுமையை எந்தக் கடையில் கடன் வாங்குவது? காத்திருக்கிறவன் பெருக்கிய குளவி ஊருக்கே பயன்படுகிறது. அவனுடைய நஷ்டம் மட்டும் அவன் வேலிக்குள்ளேயே கிடக்கிறது. ‘மருந்து அடிக்காதே’ என்று அவனுக்கு உபதேசம் செய்ய, அந்த நஷ்டத்தில் கொஞ்சமாவது சுமக்கிறவருக்குத்தான் யோக்கியதை உண்டு என்பேன். மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்குக்கு வருவதே இல்லை.

2020-ல் கேரளத்தில் மரவள்ளிக்கு வேறொரு மாவுப்பூச்சி வந்தது. அடுத்து நம் பக்கமும் வந்தது. இந்த முறை குளவி வந்தது ஆப்பிரிக்காவில் இருக்கும் பெனின் நாட்டிலிருந்து. 2022-ல் சேலம் மாவட்டத்தில் விட்டார்கள். மறுபடியும் அதே காத்திருப்பு!

உங்கள் வீட்டுச் செம்பருத்தியில் வெள்ளையாய் எதையாவது பார்த்தால், பாட்டிலைத் தேடும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். உப்பிக் காய்ந்த பூச்சி மேல் ஊசி முனை அளவு ஓட்டை தெரிகிறதா? குளவி ஏற்கெனவே வந்தாச்சு. பாட்டில் அலமாரியிலேயே இருக்கட்டும். பக்கத்து வீட்டு அக்காவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.