பிரேக் பிடிக்கவில்லை

மோட்டார் வண்டிகளைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. என் கதைகளில் கார்கள் வந்திருக்கின்றன. கதாநாயகியை ஏற்றிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு விரைந்திருக்கின்றன. ஒன்றிரண்டு கார்கள் மரத்தில் மோதி, முடியாத கதையை முடித்தும் கொடுத்திருக்கின்றன. ஆனால் ஒரு காரின் அடியில் என்ன இருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்ததே இல்லை. சென்ற ஆண்டு கோடையில், ஜெர்மனியில் ஒரு பட்டறையில், அப்படிப் பார்க்க நேர்ந்தது. பார்த்ததன் பலனாக, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் சொல்லி வந்த ஒரு பொய்யைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் தங்கை மகன் ஸ்டுட்கார்ட் நகரில் வேலை பார்க்கிறான். கை நிறையச் சம்பளம், இன்னும் கல்யாணமாகவில்லை. நெடுநாள் ஆசைப்பட்டு ஒரு வேகக் கார் வாங்கியிருந்தான். எந்தக் கம்பெனியின் கார் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் விளம்பரமாகும், இல்லாவிட்டால் வம்பாகும். புதிதாக இருந்தபோது 1,50,000 யூரோவுக்கு மேல் விற்ற வண்டி அது. 12 வயது ஆகிவிட்டதால் இவனுக்கு 55,000 யூரோவுக்குக் கிடைத்தது.

“விலையில் மூன்றில் ஒரு பங்குதான் மாமா! ஆனால் வேகத்தில் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை” என்று பெருமையோடு சொன்னான். அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அந்தக் காரில் ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊருக்கு என்னை அழைத்துப் போவதாக ஏற்பாடு. அதற்கு முன் சக்கரத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோனான். நானும் கூடப் போனேன். தலை நரைத்த ஒரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, அதன் உட்புறம் இருந்த பெரிய வட்டத் தட்டையும் கழற்றினார். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் அந்தத் தட்டைத்தான் டிஸ்க் என்கிறார்கள். பிரேக்கை மிதித்தால் இரண்டு கட்டைகள் இரு புறமும் அதை இறுகப் பற்றும், வண்டி நிற்கும். பெரியவர் அந்தத் தட்டைத் துடைத்து, காய்கறிக்காரர் பூசணிக்காயை நிறுப்பது போலத் தராசில் வைத்தார்! எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. தட்டின் மேலேயே, இதற்குக் குறையக்கூடாது என்று ஓர் எடை பொறித்திருந்தது. தராசு காட்டிய எடை அதற்கும் கீழே இருந்தது.

இது சாதாரண இரும்புத் தட்டு அல்லவாம். கரி இழையும் பீங்கானும் கலந்த மாதிரியான ஒரு பொருள். அளவுக்கு மீறிய சூடு பட்டால் அதற்குள் இருக்கும் கரி கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து போகும். கண்ணுக்குத் தேய்மானம் தெரியாது. எடைதான் காட்டிக் கொடுக்கும். “இந்த வண்டி நூர்புர்க்ரிங்கில் நிறைய ஓடியிருக்கிறது” என்றார் பெரியவர். அது ஜெர்மனியின் பேர்போன பந்தயத் தடம். சுற்று ஒன்றுக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர். பந்தயம் இல்லாத நாட்களில் டிக்கெட் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் தம் காரை அங்கே ஓட்டலாம். முந்தைய சொந்தக்காரர் அந்த இன்பத்தை நன்றாகவே அனுபவித்திருக்கிறார். செலவை இவன் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான்கு டிஸ்க்குகளும் கட்டைகளும் மாற்ற ஏறக்குறைய 20,000 யூரோ ஆகும் என்று பெரியவர் எழுதிக் கொடுத்தார். என் மருமான் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தான்.

“ஓடுவதற்கு 55,000. நிற்பதற்கு 20,000! இது என்ன நியாயம் மாமா?” என்றான் வெளியே வந்ததும்.

எனக்கும் அநியாயமாகத்தான் பட்டது. ஆனால் அன்று இரவு அவன் எனக்கு விளக்கிச் சொன்ன கணக்கைக் கேட்டபோது அந்த எண்ணம் மாறிவிட்டது. 1,500 கிலோ எடையுள்ள கார் ஒன்று 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நிறுத்தினால் அந்த ஓட்டத்தின் சக்தி எங்கே போகும்? பெரும்பாலும் சூடாகி அந்தத் தட்டுகளில்தான் இறங்கும். சுமார் 7 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு. நம் வீட்டு அடுப்புக்கு அதற்கு அரை மணி நேரமாவது ஆகும். பிரேக்குக்குக் கிடைப்பது சுமார் 6 விநாடி. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பது இதில் இன்னொரு சங்கடம். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலும், நிறுத்துவதற்கான கடன் வட்டிக்கு வட்டி போட்டு ஏறுகிறது.

இன்னொன்றும் சொன்னான். 1953-ஆம் ஆண்டு பிரான்சில் லெ மான் என்ற ஊரின் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் கார் வென்றது. டிஸ்க் பிரேக் பூட்டிய கார் அங்கே வென்றது அதுவே முதல் தடவை. வளைவு நெருங்கும்போது மற்றவர்கள் முன்னதாகவே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஜாகுவாரை ஓட்டியவர்கள் கடைசி வரையில் வேகமாக வந்து பிறகு பிரேக் போட முடிந்தது. நன்றாக நிற்கத் தெரிந்ததால் வேகமாக ஓட முடிந்தது! பிரேக் வேகத்துக்கு விரோதி என்று எண்ணியிருந்தேன். அதுதான் வேகத்தின் ஜாமீன் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே அந்த 20,000 யூரோவில் கம்பெனியின் லாபம் இல்லாமல் இராது. ஆனால் அது வெறும் கொள்ளையும் அல்ல. முதலில் என் மருமான் சொன்ன வாக்கியத்தில்தான் விடை இருக்கிறது. காரின் விலை குறைந்துவிட்டது; வேகம் குறையவில்லை. 12 ஆண்டுகளில் சந்தை அதன் மதிப்பை மூன்றில் ஒன்றாக்கிவிட்டது. அதன் எடையை யாரும் குறைக்கவில்லை. அதன் முன்னால் அகப்படுகிற மனிதனின் எலும்பு எந்தச் சந்தையிலும் உறுதி கூடுவதில்லை. பழைய காரை மலிவாக வாங்கலாம். அதை நிறுத்தும் பொறுப்பை மலிவாக வாங்க முடியாது.

இவ்வளவும் தெரிந்தவன்தான் அவன். ஆனாலும் மனித மனம் கணக்கில் மட்டும் நடப்பதில்லையே!

“அரசாங்கப் பரிசோதனைக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதுவரையில் மெதுவாக ஓட்டினால் போகிறது” என்றான்.

“மெதுவாக ஓட்டவா இந்தக் காரை வாங்கினாய்?”

“இல்லாவிட்டால் விற்றுவிடுகிறேன்.”

“சொல்லி விற்பாயா, சொல்லாமல் விற்பாயா?”

அவன் பதில் சொல்லவில்லை. அவனுக்கு விற்றவர் சொல்லாமல் விற்றவர்தானே!

மறுநாள் நாங்கள் ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ரயிலில் போனோம். அந்த ஊரை நான் பார்க்க விரும்பியதற்குக் காரணம் ஒரு பெண்மணி. 1888 ஆகஸ்டில் ஒரு நாள், மோட்டார் காரை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே அந்த மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு, தம் இரண்டு பிள்ளைகளோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். உலகத்தில் மோட்டார் வண்டி செய்த முதல் நெடும்பயணம் அதுதான். எண்ணெய் தீர்ந்தபோது வழியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். மேட்டில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். மேட்டை விடப் பெரிய தொல்லை இறக்கம். மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்து போயிற்று. அந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் வண்டியை நிறுத்தி, கட்டையின் மேல் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். பிரேக்குக்கு முதன்முதலாக உறை போட்ட கதை இதுதான்.

மணிக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டி. தோலின் விலை சில காசுகளாகத்தான் இருக்கும். ஆனால் அவர் அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. காரின் முதல் பயணத்திலேயே தேய்ந்தது பிரேக். தேய்ந்ததைக் கண்டதும் நிறுத்திச் சரி செய்தவர் முதல் பிரயாணி.

திரும்பும்போது ரயிலில் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம். என் மருமான் சிரித்துக்கொண்டே, “அப்படி ஏதாவது ஆகிவிட்டால்தான் என்ன மாமா? பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் போகிறது!” என்றான். அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். என்னால் சிரிக்க முடியவில்லை.

1978-இல் சென்னையில் என்னிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. “சார், பின் பிரேக் லைனிங் போயிடுச்சு. ஷூ மாத்திடுங்க” என்று மெக்கானிக் சொன்னான். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். அந்த மாதம் நான் வாங்கிய புத்தகங்களின் விலையில் பாதிகூட ஆகியிராது அந்தச் செலவு. ஒரு மாதம் மூன்று மாதமாயிற்று. ஒரு நாள் மாலை, மயிலாப்பூர் குளத்துப் பக்கம், தலையில் பூக்கூடையோடு ஒரு கிழவி தெருவைக் கடந்தாள். பிரேக்கை மிதித்தேன். ஸ்கூட்டர் தன்பாட்டுக்குப் போயிற்று. கூடை ஒரு பக்கம், கிழவி ஒரு பக்கம்.

கூட்டம் கூடியது. என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, “பிரேக் பிடிக்கவில்லை.” எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் எனக்கே ஆறுதல் சொன்னார். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கிழவி, “விடு சாமி, பிரேக்கு புடிக்கலேன்னா நீ என்ன பண்ணுவே!” என்றாள். இரண்டு மாதம் அவளால் பூத்தொடுக்க முடியவில்லை. பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். ஆனால் அவள் மன்னித்தது நான் செய்யாத ஒன்றை. நான் செய்ததை அவளிடம் சொல்லவே இல்லை.

“பிரேக் பிடிக்கவில்லை” என்ற வாக்கியத்தைப் பாருங்கள். எழுவாய் பிரேக். குற்றவாளியும் அதுவே. ஓட்டியவன் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. “நான் பிரேக்கை மாற்றவில்லை” என்பது உண்மையான வாக்கியம். அதை எந்த விபத்துச் செய்தியிலும் நான் படித்ததில்லை, நானும் சொன்னதில்லை. வார்த்தைகளை வைத்துப் பிழைக்கிறவன் நான். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறந்த கற்பனை அந்த இரண்டு சொற்கள்தான் போலிருக்கிறது!

வேகத்தை நாம் நமக்காக வாங்குகிறோம். பிரேக்கை வேறு யாருக்காகவோ வாங்குகிறோம். தெருவைக் கடக்கிற கிழவி நம் வண்டியைத் தேர்ந்தெடுக்கவில்லை, விலை பேசவில்லை, அது தேய்ந்திருக்கிறதா என்று எடை போட்டுப் பார்க்க அவளிடம் தராசும் இல்லை. ‘இவன் நிற்பான்’ என்ற நம்பிக்கையில் காலை எடுத்து வைக்கிறாள். அவள் நமக்குக் கொடுக்கும் அந்தக் கடனைத்தான் நாம் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம். சொந்தச் சாப்பாட்டிலும் துணியிலும் சிக்கனம் பிடிப்பவனை மெச்சலாம். பிறருடைய எலும்பில் சிக்கனம் பிடிப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

“வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கிற ஏழை என்ன செய்வான்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏழை ஓட்டுகிறான் என்பதற்காகக் கிழவியின் எலும்பு முறியாமல் இருப்பதில்லை. ஆனால் அங்கே, ‘இன்றைக்கு ஒரு நடை போய் வா’ என்று லாரியை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் முதலாளியையும் அந்த வாக்கியம்தான் மறைக்கிறது. அந்த ஏழையின் சங்கடத்தை, ஆசைக்குக் கார் வாங்கியவனும், புத்தகம் வாங்கக் காசு வைத்திருந்தவனும் கடன் வாங்கிக்கொள்ள முடியாது.

அன்று இரவு என் மருமானிடம் 1978-ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு ஒரு ரகசியத்தை வெளியிட்டான். அதே மாடல் காரில் இரும்பு டிஸ்க் போட்ட வகையும் உண்டாம். காலிப்பர் எல்லாம் சேர்த்து மாற்றி, முறைப்படி சான்றிதழும் வாங்கினால், செலவு கால் பங்குதான். சாலையில் ஓட்டுவதற்கு அது தாராளமாகப் போதும்.

“பின் ஏன் தயங்குகிறாய்?”

“சக்கரத்தின் இடைவெளியில் அந்தப் பெரிய டிஸ்க் தெரியும் மாமா. தெரிந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்” என்றான் வெட்கத்தோடு.

ஆக, அவனைத் தடுத்தது பணம் மட்டும் அல்ல. 20,000 யூரோ செலவிட மனமில்லை. 5,000 யூரோவில் முடித்துக்கொள்ளக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நடுவில் நின்றது தேய்ந்த பிரேக். நானும் அப்படித்தான் நின்றேன். கடமை நம்மிடம் கேட்பது பல சமயங்களில் நாம் பயப்படுகிற அளவுக்குப் பெரிய தொகை அல்ல.

நான் ஊர் திரும்பிய ஒரு மாதத்தில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. “மாமா, இரும்புதான் போட்டேன். இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் நன்றாக நிற்கிறது” என்று எழுதியிருந்தான்.

அன்று மாலை குளத்துப் பக்கம் போனேன். அந்தக் கிழவி இருந்த இடத்தில் இப்போது வேறொரு பெண் பூ விற்கிறாள். கிழவியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு வந்தேன். சொல்ல வேண்டியவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்: அன்றைக்குப் பிரேக்கை நான் மாற்றவில்லை.