நாலரை மணிக்குப் பிறகு

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் வீடு. மாடி அறைதான் எனக்கு அலுவலகம். என் மனைவி ஒரு நர்சிங் கல்லூரியில் டியூட்டர். எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. சாயங்காலம் நாலரைக்கு வேலை முடியும் என்று அவளுடைய ஆர்டரில் போட்டிருக்கிறது.

போன ஆடியில் ஒருநாள் ஐந்து மணிக்கு மகளைத் தொட்டால் சுட்டது. நான் செய்த முதல் காரியம் மனைவிக்கு போன் போட்டதுதான். "பாப்பாவுக்கு ஜுரம், எப்ப வர்ற?"

"ஃப்ரிட்ஜ் மேல சிரப் இருக்குங்க. எவ்வளவு குடுக்கணும்னு பாட்டில்லயே எழுதி ஒட்டியிருக்கேன். நான் வர லேட்டாகும்" என்று வைத்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்ற பிள்ளையைவிட என்ன பெரிய வேலை?

ஏழு மணிக்கு வந்து சொன்னாள். வார்டில் ஒரு இரண்டாம் வருடப் பெண்ணிடம் பொட்டாசியம் குளோரைடு பற்றிக் கேட்டிருக்கிறாள். நேராக ஊசியில் ஏற்றலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறது. கலந்து நீர்க்கச் செய்யாமல் அந்த மருந்தை நரம்பில் வேகமாகச் செலுத்தினால் இதயம் நின்றுபோகலாம். அதனால் அந்தப் பெண்ணை உட்காரவைத்து, அதுவே புரிந்து திருப்பிச் சொல்லும்வரை இவள் கிளம்பவில்லை. "நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட முடியலங்க. நாளைக்கு அவளுக்கு வேற வார்டு."

இந்த இரண்டு கடமைகளில் எது பெரியது? காய்ச்சலில் கிடக்கும் குழந்தை கண்ணெதிரே இருக்கிறது, அதற்குப் பெயர் உண்டு. அந்த மாணவி என்றோ ஒருநாள் ஊசி போடப்போகிற நோயாளி யாரென்றே தெரியாது, இன்னும் பிறக்காமல்கூட இருக்கலாம். கிட்டே இருப்பவருக்கே முதல் கடமை என்றுதான் நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். ஆனால் செவிலியருக்குப் பாடம் சொல்பவரின் கடன் முழுக்க முழுக்கத் தூரத்தில் இருப்பவர்களுக்கு. தப்பாக ஏறிய ஒரு பாடம் முப்பது வருஷம் வார்டு வார்டாக நடக்கும்.

'வொர்க் லைஃப் பேலன்ஸ்' என்று எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு இரண்டு முறை கூட்டம் போடுவார்கள். எனக்கு அது சுலபம். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்து நான் எழுந்தால், டிக்கெட்டில் பதிவாகும், மறுநாள் காம்ப் ஆஃப். அவளுக்கு என்ன கணக்கு? இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் கொண்டுவந்த பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் தியரிக்கு ஒரு கிரெடிட் என்றால் 20 மணி நேரம், வார்டு பயிற்சிக்கு ஒரு கிரெடிட் என்றால் 80 மணி நேரம். மாணவியின் நேரம் அவ்வளவு துல்லியமாக எண்ணப்படுகிறது. பத்து மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்பதும் விதி. ஆனால் அந்த 80 மணி நேரத்திலிருந்து பிறக்கும் கேர் பிளான், கேஸ் ஸ்டடி, லாக் புக் எல்லாம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் சிவப்புப் பேனாவோடு ராத்திரி பதினொன்றுக்குத் திருத்தப்படுகின்றன. அதற்குக் கிரெடிட் கிடையாது.

இந்த வேலை தொடங்கிய விதத்திலேயே இது இருக்கிறதோ என்று நினைப்பேன். 1860இல் லண்டனில் பயிற்சிப் பள்ளி தொடங்கிய நைட்டிங்கேல் மணம் செய்துகொள்ளவில்லை. இங்கே பக்கத்தில் வேலூரில் 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரும் அப்படியே. 'சிஸ்டர்' என்று நாம் கூப்பிடுவதே கன்னியர் மடத்து வாடை அடிக்கும் சொல். ஆஸ்பத்திரியே வீடாக இருந்தவர்கள் வெட்டிக்கொடுத்த நாள் அது. அவர்கள் இல்லாவிட்டால் இந்தப் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேருக்குச் சொந்தச் சம்பளம் இருந்திருக்காது. ஆனாலும், வேறொருவர் அளவுக்குத் தைத்த சட்டை.

இப்படி வரலாறு பேசுவது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதும் தெரியும். அன்றைக்கு ஐந்திலிருந்து ஏழுவரை வீட்டில் இருந்தது யார்? நான். சிரப், ஈரத்துணி, மடி. இதில் எதற்கும் நர்சிங் படித்திருக்க வேண்டியதில்லை. நோயாளியா குழந்தையா என்று நான் பெரிதாகக் கட்டிய தர்மசங்கடம், என்னைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால் மட்டுமே நின்றது. ஆர்லி ஹோக்ஷீல்ட் 1989இல் 'தி செகண்ட் ஷிஃப்ட்' புத்தகத்தில் வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்களுக்கு வீட்டில் காத்திருக்கும் இரண்டாவது ஷிஃப்டைப் பற்றி எழுதினார். அதைப் படித்துவிட்டு நண்பர்களிடம் உருகிப் பேசியவன் நான்.

அதற்காக நான் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் மகள் நான்கு முறை "அம்மா எப்ப வரும்?" என்று கேட்டாள். அதை என்னால் நிரப்ப முடியாது. மனைவியும் அன்றிரவு சொன்னாள்: "வார்டுல நிக்கும்போது பாப்பா ஞாபகம். இப்ப அந்தப் பொண்ணு ஞாபகம். சரியாப் புரிஞ்சிருக்குமாங்க அவளுக்கு?"

இப்போது அவளுக்கு வார்டு உள்ள நாட்களில் நாலரை முதல் ஏழுவரை என் காலண்டரை அடைத்து வைத்திருக்கிறேன். மேனேஜர் என்ன மீட்டிங் என்று கேட்டார். "பாப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவியின் காலண்டர் எப்படி இருக்கும் என்று யோசித்தாரோ என்னவோ.

போன வாரம் அவள் அதிசயமாக ஐந்து மணிக்கே வந்துவிட்டாள். காபி குடித்துவிட்டு லாக் புக் கட்டைப் பிரித்தாள். மகள் ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டாள். "இங்க வா பாப்பா, அம்மா வேலை செய்றாங்க" என்றேன்.

"சும்மா இருங்க. அவ இங்கயே இருக்கட்டும்" என்று இடது கையால் அவளை அணைத்துக்கொண்டு, வலது கையால் திருத்த ஆரம்பித்தாள்.