புயல் கொண்டுபோன கூலி

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வைகறைக்கு முன் வேதாரண்யத்தையொட்டிக் கரையேறிய கஜா புயல், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தென்னந்தோப்புகளைச் சில மணி நேரத்தில் சாய்த்துவிட்டது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அரசு இழப்பீடு அறிவித்தது. மரத்துக்கு 600, அதனை வெட்டி அகற்ற 500. இது போதாது என்று தோப்புக்காரர்கள் வருந்தினர். அதில் நியாயம் உண்டு. நெட்டை இரகக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும்.

ஆனால், அந்த மரங்களில் ஏறிக் காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள் ஆகியோருக்குத் தோப்பில் ஒரு சாண் நிலமும் இல்லை. நாளைய வேலை ஒன்றே அவர்களின் சொத்து. அது மரத்தோடு வேரறுந்து போயிற்று. நிவாரண அரிசி சில நாள் பசியைத் தணிக்கும். ஆறேழு ஆண்டுக் கூலிக்கு அது ஈடாகுமா?

“இறைவன் நாட்டம், யார் என்ன செய்ய முடியும்?” என்கிறோம். புயல் இறைவன் நாட்டம் என்பதில் ஐயமில்லை. அதன் நட்டத்தை யார் எவ்வளவு சுமப்பது என்பதோ நம் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது.

மரத்திலிருக்கும் கனிகளை விற்றபின் இயற்கைச் சேதம் அவற்றை அழித்துவிட்டால், வாங்கியவரிடம் விலை பெறலாகாது என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. மூன்றில் ஒரு பங்கு அழிந்தாலே தள்ளுபடி செய்வது கடமை என்றார்கள் இமாம் மாலிக் அவர்கள். ஹனபி, ஷாபிஈ மத்ஹபுகள் அதனைக் கடமையாக்காமல் விரும்பத்தக்க செயலாகக் கொண்டன.

இங்கே ஒரு கேள்வி எழும். பொருள் கிடைக்காதவர் விலை தரவேண்டியதில்லை என்றால், உழைப்பைப் பெறாதவர் கூலி தரவேண்டியதில்லை என்பதும் முறைதானே? முறைதான். நடவாத வேலைக்குக் கூலி கடனாகாது. ஆயினும் வேலை செய்து கழிப்பதாக முன்பணம் வாங்கிய தொழிலாளியின் நிலை வேறு. கழிப்பதற்குரிய வேலையைப் புயல் கொண்டுபோன பின், கடன் மட்டும் அவர் தலையில் நிற்கலாமா? மரத்துக்கு இழப்பீடு பெற்றவர், அதே மரத்தில் ஏறியவரிடம் பழைய கணக்கை நீட்டலாமா? நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு அவகாசம் தரச் சொல்லும் திருமறை (2:280), விட்டுக்கொடுப்பது இன்னும் மேலானது என்றும் அறிவிக்கிறது.

முன்பணம் வாங்காதவருக்கு என்ன வழி? செல்வர்களின் பொருளில் யாசிப்போருக்கும் ‘மஹ்ரூம்’ என்போருக்கும் உரிமை உண்டு என்கிறது திருமறை (51:19). பேரிடரால் பொருளை இழந்தவரே மஹ்ரூம் என்று விரிவுரையாளர் சிலர் விளக்கியுள்ளனர். இச்சொல் யாசிப்பவரிலிருந்து அவரைப் பிரித்துக் காட்டுவதைக் கவனிக்க வேண்டும். அவர் கை நீட்டுவதில்லை. நேற்றுவரை உழைத்து உண்டவர். அவருக்குச் சேரவேண்டியதை இறைவன் உரிமை என்கிறான். நாம் அதனை இரக்கம் என்று பெயரிட்டுக் குறைத்துவிடுகிறோம்.

அடுத்த புயலுக்குப் பின் நம் ஜமாஅத்துகள் சேதப் பட்டியல் எழுதும்போது, இடிந்த வீடு, விழுந்த மரம் ஆகியவற்றோடு, வேலை இழந்தவர் யார், அவருக்கு எத்தனை மாதம் வேலை இராது என்பதையும் எழுதட்டும். மறுநடவுக்குக் குழி வெட்டும் நாளில், அந்த மரங்களில் ஏறி இறங்கியவர்களையே தோப்புக்காரர்கள் முதலில் அழைக்கட்டும். ஸகாத் நிதியைப் பங்கிடும்போது அவர்கள் வந்து கேட்கும்வரை காத்திராமல், அவர்களின் வாயிலுக்கு நாம் செல்வோமாக.