ஏழாவது முழுக்கு



உங்கள் வீடுகளுக்கு வரும்போது, மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் மருந்துப் பையை நான் பார்ப்பதுண்டு. சில வீடுகளில் உள்ளே இருக்கும் மாத்திரை அட்டை பாதியிலேயே நின்றிருக்கும். கேட்டால், “இப்ப நல்லாத்தான் இருக்கு சாமி” என்பீர்கள். காசநோய்க்கு மருந்து எடுக்கிறவர்களை நினைத்தே இன்று பேசுகிறேன்.

வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் மூன்று. சில வாரங்களிலேயே காய்ச்சல் விடும், இருமல் தணியும், பசி எடுக்கும். பலர் நிறுத்திவிடுவது அப்போதுதான். ஆனால் மெதுவாக வளரும் கிருமிகள் இன்னும் உள்ளே இருக்கின்றன. மருந்து நின்றதும் அவை பெருகும். பழைய மருந்துக்கு அடங்காதவையாகவும் ஆகிவிடலாம்.

சிரியப் படைத்தலைவர் நாமானை நினைத்துப் பாருங்கள். தொழுநோய் நீங்க யோர்தான் ஆற்றில் ஏழு முறை முழுகச் சொன்னார் இறைவாக்கினர் எலிசா. எங்கள் நாட்டு ஆறுகள் இதைவிட மேலானவை அல்லவா என்று கோபித்துத் திரும்பியவரை, அவருடைய பணியாளர்கள்தான் பேசி இறங்க வைத்தார்கள். ஆறாவது முழுக்கோடு அவர் கரையேறியிருந்தால்? நம்மில் யார் யார் இன்று கரையேறி நிற்கிறோம்?

“செபம் போதாதா சாமி?” என்று சிலர் கேட்கிறீர்கள். செபியுங்கள், நானும் செபிக்கிறேன். ஆனால் மருந்தும் ஆண்டவரின் கொடைதான் என்று சீராக்கின் ஞான நூல் சொல்கிறது. எசேக்கியா அரசர் கண்ணீரோடு மன்றாடினார். அவருடைய புண்ணுக்கு அத்திப்பழ அடை வைக்கச் சொன்னவரோ இறைவாக்கினர் எசாயா. மாத்திரையை விழுங்குவதால் விசுவாசம் குறைந்துவிடாது.

பலரை நிறுத்த வைப்பது மறதி அல்ல, வெட்கம். அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. மகளுக்கு வரன் பார்க்கிறோம், தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்று மருந்தை ஒளித்து வைக்கிறார்கள். ஒளித்த மருந்து ஒருநாள் விட்டுப்போகும். இதில் நம் எல்லாருக்கும் பங்கு இருக்கிறது. அன்பியக் கூட்டத்தில் நோயுற்ற சகோதரியிடமிருந்து தள்ளி உட்கார்ந்தவர் யார்? அவருக்கென்று தனித் தட்டு ஒதுக்கியவர் யார்? காசநோய் தட்டாலும் தம்ளராலும் பரவுவதில்லை. இருமும்போது காற்றில் பரவுகிறது. முறையாக மருந்து எடுக்கத் தொடங்கினால் பரவுவதும் விரைவாகக் குறைகிறது.

நோயாளிகளைத் தாம்பரம் சானட்டோரியம் போன்ற இடங்களுக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. 1950களின் கடைசியில் நம் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு, வீட்டில் இருந்தபடியே ஒழுங்காக மருந்து எடுத்தாலும் குணமாகும், அதனால் குடும்பத்தாருக்கு ஆபத்து கூடுவதில்லை என்று காட்டியது. அந்த முடிவு 1959இல் வெளிவந்தது. உலகமே தன் சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. வீட்டாரோடு இருந்தே குணமாகலாம் என்று நம் ஊர் காட்டியிருக்க, நாம் ஒருவரை வீட்டுக்குள்ளேயே தள்ளி வைக்கலாமா?

மருந்து எடுக்கும்போது சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்படாதீர்கள். அது மருந்தின் நிறம். கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, அன்றே மருத்துவரைப் பாருங்கள். மது வேண்டாம், ஈரல் தாங்காது.

பாதியில் விட்டவர்களே, உங்களிடம்தான் அதிகம் பேச நினைத்தேன். விடுபட்ட நாள்களை எண்ணி வைத்துக்கொண்டு கணக்குக் கேட்பவர் அல்ல நம் ஆண்டவர். நாமானை அவர் கோபத்தோடு போகவிடவில்லை. நல்ல வார்த்தை சொல்ல ஆள்களை உடன் வைத்திருந்தார். உங்களுக்கும் வைத்திருக்கிறார். விட்டதை ஈடுகட்ட நீங்களாக இரண்டு மடங்கு விழுங்காதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். எப்படித் தொடர்வது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். மருந்து இலவசம்தான். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், திருப்பலி முடிந்ததும் சாக்றிஸ்திப் பக்கம் வாருங்கள். நாளைக் காலையில் நானும் உங்களோடு வருகிறேன்.