கருவியோடு சென்றவர்

தான் உருவாக்கிய கருவியின் ஆபத்தில் தானும் பங்கேற்பவர், அதனாலேயே தம் கடமையை முழுமையாக நிறைவேற்றியவர் ஆகிறாரா? பொறியியலைச் சார்ந்ததாகத் தோன்றும் இக்கேள்வி, உண்மையில் மனச்சான்றைச் சார்ந்தது.

1971ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவு, தியூவுக்கு அப்பால் அரபிக் கடலில் 'குக்ரி' என்னும் இந்தியப் போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் 'ஹாங்கோர்' நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். கப்பல் தலைவர் மகேந்திரநாத் முல்லா, தம் உயிர்காப்பு அங்கியை மாலுமி ஒருவருக்கு அளித்துவிட்டுக் கப்பலோடு மூழ்கினார். மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா விருது பெற்ற அவரை நாடு அறியும். அதே கப்பலில் உயிர்நீத்த லெப்டினன்ட் வி. கே. ஜெயினை அறிந்தோர் சிலரே.

ஜெயின் மின்பொறியியல் அதிகாரி. நீருக்கடியில் ஒலி அலைகளைச் செலுத்தி, திரும்பிவரும் எதிரொலியால் நீர்மூழ்கியைக் கண்டறியும் சோனார் கருவி, இன்னும் தொலைவில் உள்ளதையும் உணரும்படி அவர் ஒரு மேம்பாட்டை உருவாக்கியிருந்தார். அதைச் சோதிக்கவே குக்ரியில் சென்றார். கப்பல் விரைந்து சென்றால் அதன் சொந்த இரைச்சலே எதிரொலியை மறைத்துவிடும். ஆகவே மெல்லச் செல்ல வேண்டியிருந்தது. ஆனால் மெல்லச் செல்லும் கப்பல் எதிரிக்கு எளிய இலக்கு. நன்றாகக் கேட்பதற்கு வேண்டிய நிதானமே அழிவுக்கும் வழி திறக்கக்கூடியதாயிற்று.

இவருக்கு நூறாண்டுகளுக்கு முன்னரே, அமெரிக்க உள்நாட்டுப் போரில், ஹொரேஸ் ஹன்லி என்பவர் தம் பெயர் தாங்கிய நீர்மூழ்கியில் மாண்டார். 1863 ஆகஸ்டில் அது மூழ்கி ஐவர் இறந்தனர். அதே ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஹன்லியே அதில் இறங்கினார். அவரும் உடனிருந்த எழுவரும் மீளவில்லை. அவருடையது அழிக்கும் கருவி. ஜெயினுடையதோ காக்கும் கருவி. எனினும் பிறரை அனுப்பிவிட்டுக் கரையில் நின்றவர் என்று இருவரில் எவரையும் சொல்ல இயலாது.

இப்பண்பு வணக்கத்திற்குரியது. தொலைவில் நின்று மீட்காமல், நம்மோடு மனிதராகி நம் சாவையும் ஏற்ற ஆண்டவரை வழிபடும் நமக்கு இது விளங்காததன்று. நாட்டைக் காக்கும் பணியை முறையாக ஆற்றுவோர் அமைதிக்கே தொண்டாற்றுகின்றனர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் கற்பித்தது.

ஆயினும் துணிவு மட்டும் ஒரு செயலை அறமாக்கிவிடாது. துணிவுக்கு விவேகம் வழிகாட்ட வேண்டும் என்பது திருச்சபையின் தொன்மையான போதனை. சோதனையின் ஆபத்தைச் சோதிப்பவர் அறிந்தே ஏற்கலாம். கீழ்த்தளத்தில் கட்டளைக்குப் பணிந்து உழைக்கும் மாலுமியை யார் கேட்டார்கள்? அந்த இரவில் இருந்தோரைத் தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை. கப்பல் விரைந்திருந்தால் தப்பியிருக்குமா என்பதை இறைவன் ஒருவரே அறிவார். நீர்மூழ்கியைக் கண்டறியாமல் விடுவதும் பல உயிர்களைப் பணயம் வைப்பதாகவே இருந்திருக்கும். ஆனால் அக்கேள்வியை மட்டும் நாம் புதைத்துவிடலாகாது.

ஏனெனில் அது போர்க்களத்தோடு நிற்பதன்று. தாம்பரத்தைக் கடந்துவரும் மின்தொடர் வண்டிகளிலிருந்து பொத்தேரி நிலையத்தில் நாள்தோறும் இறங்கும் பொறியியல் மாணவருள் நம் பங்குகளின் பிள்ளைகளும் உண்டு. நாளை அவர்கள் பாலம் அமைப்பார்கள், கொதிகலன் வடிவமைப்பார்கள், மருத்துவக் கருவி செய்வார்கள். வரைபடம் குளிரூட்டிய அறையில் உருவாகும். ஆபத்தோ சாரத்தில் ஏறுபவனையும் குழியில் இறங்குபவனையும் சேரும். "இந்த இடத்தில் நான் நிற்பேனா?" என்பது அவர்கள் தம்மைக் கேட்க வேண்டிய முதற்கேள்வி. "நிற்பேன்" என்று சொல்ல முடிந்தாலும் பொறுப்பு முடிவதில்லை. "இங்கே நிற்கப்போகிறவருக்கு ஆபத்தைச் சொன்னோமா? மறுக்க அவருக்கு வழி உண்டா?" என்பது அடுத்த கேள்வி.

மதிப்பெண்ணையும் வேலையையும் பற்றிப் பிள்ளைகளோடு பேசும் பெற்றோராகிய நாம், இவ்விரு கேள்விகளையும் அவர்களுக்குக் கற்பிப்போம். குக்ரியோடு ஆழ்கடலில் துயில்வோருக்காக மன்றாடுவோம். முல்லாவுக்காகவும் ஜெயினுக்காகவும் மட்டுமன்று, பெயர் சொல்லப்படாத மாலுமிகளுக்காகவும்.