மரம் வெட்டுதலும் அறமாமோ?

மரம் வைத்தல் புண்ணியம், வெட்டுதல் பாவம் என நாம் மாணாக்கருக்குப் போதித்து வருகின்றோம். இப்போதனை நன்றே. ஆயினும், இஃது எவ்விடத்தும் ஒருதன்மையாய்ப் பொருந்துமோவென ஆராய்தல் உபாத்தியாயராகிய நமக்குக் கடனாம். இவ்வாராய்ச்சிக்குத் தென்னாபிரிக்காவின் தென்மேற்குக் கரையிலுள்ள கேப் நாடு தக்க உதாரணமாகும்.

அந்நாட்டின் மேற்குப் பாகத்திலே குளிர்காலத்தில் மழை பெய்யும். கோடை வறண்டு வெம்மையுற்றிருக்கும். ஏறக்குறைய 90,000 சதுர கிலோமீற்றர்ப் பரப்பினுள் ஏறக்குறைய 9,000 வகைத் தாவரங்கள் உள. அவற்றுள் மூன்றிலிரண்டு பங்கு உலகில் வேறெங்கும் இல்லாதன. அவற்றுட் பல, பெயின்பொஸ் என்று அந்நாட்டார் கூறும் குறுஞ்செடிக் காட்டில் வளர்வன. அறியாதார் அதனை வெறும் புதரென்பர். அங்கே குடியேறிய ஐரோப்பியர் மரத்தின் பொருட்டுப் பைன் மரங்களை வைத்தனர். 19ஆம் நூற்றாண்டிலே காற்றில் அலையும் மணலை நிறுத்தும்பொருட்டு அவுஸ்திரேலியாவினின்றும் அக்கேசியா மரங்களைக் கொணர்ந்து வளர்த்தனர். அம்மரங்களோ வைத்த எல்லையைக் கடந்து மலைகளிற் பரந்து, சிறு செடிகளை மூடி, ஆறுகளுக்குச் செல்லும் நீரையுங் குறைத்தன.

ஆதலால் 1995ஆம் ஆண்டிலே, நீர்த்துறை அமைச்சராயிருந்த காதர் அஸ்மால் காலத்தில், அவ்வரசினர் வேலையற்ற ஏழைகளுக்குக் கூலி கொடுத்து அந்நிய மரங்களை வெட்டுவிக்கத் தொடங்கினர். 2018ஆம் ஆண்டிலே கேப் ரவுண் நகரத்தார், குழாய்களை அடைக்கும் நாள் வந்துவிடுமோவென அஞ்சியிருந்தனர். மலையில் ஓடும் நீரின் அருமை அப்பொழுது யாவர்க்கும் விளங்கிற்று.

மரம் யாது குற்றஞ் செய்தது? அதுவும் ஓருயிரன்றோவெனின், ஆம், ஓருயிரே; குற்றம் வைத்த கையினதேயாம். ஆயின், கண்முன் நிற்கும் ஒரு மரத்துக்கிரங்கி, அதன் கீழ்க் காணாதழியும் பலவற்றை மறத்தல் நிறைந்த இரக்கமாகாது. அம்மரத்தாற் பயன் கொள்வாரும் உளரேயெனின், அதுவும் மெய்யே. ரோக்காய் என்னுமிடத்திற் பைன் நிழலில் உலாவி வந்த அயலார், அம்மரங்களை வெட்டலாகாதென எதிர்த்தனர். அது நியாயத்தலத்திற் வழக்குமாயிற்று. நிழலையிழப்பாரைக் கேளாது செய்யும் நற்செயலும் வன்செயலாய்த் தோன்றுமென்பதை ஆள்வோர் உணரற்பாலர்.

இன்னுமொன்று: வெட்டியவுடன் கடன் தீர்ந்ததன்று. அக்கேசியா வித்துக்கள் மண்ணுள் நெடுங்காலங் கிடந்து, தீப்பட்டபின் கூட்டமாய் முளைக்கும். வெட்டியோர் மீண்டும் மீண்டுஞ் சென்று களையாவிடின், முன்னையினும் பெருங்கேடு விளையும். ஆகவே, வெட்டுதல் அறமாவது, அதனால் வாழ்வது எதுவென அறிந்து, இழப்பாரது சொல்லைக் கேட்டு, பின்வரும் உழைப்பையும் மேற்கொள்ளுமிடத்தேயாம். இம்மூன்றுமில்லாவழி அது வெறுங் கோடரித்தொழிலே.

மரம் வைக்கவென நம் மாணாக்கருக்கு இன்னுங் கற்பிப்போமாக. அதனோடு, எந்நிலத்தில் எம்மரம், அஃது உண்பது எவர் நீர் என்று வினாவவுங் கற்பிப்போமாக.