லட்சுமியை எட்டி உதைத்தேனா, தாயே?

திருச்சி- புதுக்கோட்டை சாலையில், புதுக்கோட்டைக்குச் சுமார் 17 கி.மீ. முன்னதாகவே வந்துவிடுகிறது நார்த்தாமலை. நாரதர் தவம் இயற்றிய மலையாதலால் நாரதர்மலை. அதுவே மருவி நார்த்தாமலை ஆயிற்று என்கிறார்கள் ஊர்க்காரர்கள். 'இல்லையில்லை, நகரத்தார் மலைதான் அப்படி மருவியது!' என்பவர்களும் உண்டு. பெயர் எப்படி வந்திருந்தாலும், நம் பெண்களுக்கு இந்த ஊர் என்றாலே முத்துமாரியம்மன்தான். பங்குனித் திருவிழாவில் அக்கினிக் காவடி எடுத்து ஆடிவரும் பக்தர்களைக் காணக் கண் கோடி வேண்டும்!

நான் சென்றது திருவிழா நாளில் அல்ல, சாதாரண வெள்ளிக்கிழமை. வெயிலுக்கு முன்பாக மேலமலை ஏறி, விஜயாலய சோழீச்சரத்தைத் தரிசித்துவிட்டுக் கீழிறங்கினேன். 9-ம் நூற்றாண்டில் முத்தரையர் தலைவர் எழுப்பிய கோயில். மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. எதிரே இரண்டு குடைவரைகள். அவற்றில் ஒன்றான பழியிலி ஈஸ்வரத்தைக் குடைந்தவர் தந்தை. அதற்கு முன்மண்டபமும் நந்தியும் அமைத்தவர் அவருடைய மகள்! அப்பா விட்ட இடத்தில் இருந்து மகள் தொடர்ந்திருக்கிறாள். அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றதில் நேரம் போனது தெரியவில்லை. மாரியம்மன் கோயிலுக்கு வந்தால்… உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்திவிட்டார்கள்!

நிழலில் உட்கார்ந்தேன். ஏற்கெனவே அங்கே ஒரு பெண்மணி காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் சிறிய வெள்ளித் தகடு. அதில் ஒரு ஜோடிக் கால்கள். கை, கால், கண் என்று எந்த உறுப்பில் நோவோ, அந்த உருவத்தை வாங்கி அம்மன் உண்டியலில் செலுத்துவது வழக்கமாயிற்றே! 'கால் வலியாக்கா?' என்றேன்.

''பத்து வருசமா ஜவுளிக்கடையில நின்ன காலும்மா'' என்றார்.

திருச்சியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவாம். ''காலைல ஒம்போதுக்கு உள்ள போனா, ராத்திரி ஒம்போதரைக்குத்தான் வெளிய விடுவாங்க. உக்காரக் கூடாது. கடைசி பஸ்ஸைப் புடிச்சு வீடு போய்ச் சேர பதினோரு மணி ஆயிரும். எம் பொண்ணு பெரியவளானது ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். மத்தியானமே போன் வந்துச்சு. லீவு கேட்டேன். 'இந்தக் கூட்டத்துல நீ போயிட்டா யாரு நிக்கிறது?'ன்னாங்க. ராத்திரிதாம்மா போயி எம் புள்ள மொகத்தையே பாத்தேன்.''

அதற்குப் பிறகும் இரண்டு வருடங்கள் வேலை பார்த்திருக்கிறார். கடன் இருந்ததே! கால் நரம்புகள் சுருண்டு புடைக்க, போன ஆடித் தள்ளுபடி முடிந்ததும், ''நின்னுட்டேம்மா'' என்றார். நம் தமிழ்தான் எவ்வளவு விசித்திரமானது! நாள் முழுக்க வேலையில் நிற்பதும் நிற்பதுதான். அந்த வேலையை விட்டு விலகுவதும் நிற்பதுதான்.

''அன்னிக்கு எங்க மாமியா, 'வீடு தேடி வந்த லட்சுமிய இப்புடி எட்டி ஒதைச்சுட்டு வந்து நிக்கிறியே'ன்னு சொல்லிட்டாங்க. அந்தக் காலுக்குத்தான் இந்தத் தகடு. ஏம்மா, நீங்க சாமி புத்தகத்துல எழுதுறவங்கன்னு சொல்றீங்க… அது பாவமா?''

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை எனக்கு. ஆனால் அந்தத் திருச்சியிலேயே உத்தியோகம் பார்த்த ஒரு மகானின் நினைவு வந்தது. தாயுமான சுவாமிகள்!

திருச்சியில் இருந்து ஆட்சி செய்த விஜயரங்க சொக்கநாத நாயக்கரின் (1706- 1732) அரண்மனையில் கணக்கு அதிகாரியாக இருந்தவர் அவர். தந்தை கேடிலியப்பர் பார்த்த பணி, அவருக்குப் பிறகு மகனுக்கு வந்தது. ஒருநாள் அரசவையில் முக்கியமான ஓர் ஆவணம் அவர் கையில் இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அதைக் கசக்கித் தேய்த்துவிட்டார்! அவையினர் பதறிப்போனார்கள். காரணம் கேட்டதற்கு, 'திருவானைக்காவில் அகிலாண்டேஸ்வரியின் ஆடையில் கற்பூரத் தீ பற்றியது. அதை அணைத்தேன்' என்றாராம். விசாரித்தால், கோயிலில் நடந்ததும் அதுவே! கை அரண்மனையில், கருத்து அம்பாள் சந்நிதியில். அவரை அரசர் தண்டிக்கவில்லை. நம் பெண்மணி வேலை பார்த்த கடையிலோ, மகளின் காய்ச்சலை நினைத்துக்கொண்டே புடவையை மாற்றி அடுக்கிவிட்டால் சம்பளத்தில் பிடித்தம்.

அவ்வளவு பெரிய ஞானிக்கு, மலைக்கோட்டையில் குருவாக வாய்த்தவர் மௌனகுரு. 'எல்லாவற்றையும் விட்டுவிட்டு உங்களுடனேயே வருகிறேன்' என்றார் சீடர். குரு சம்மதிக்கவில்லை. 'இல்லறத்தில் இரு. காலம் வரட்டும்' என்று சொல்லிவிட்டார். அரசர் மறைந்த பிறகே தாயுமானவர் உத்தியோகத்தைத் துறந்து, திருச்சியை விட்டு வெளியேறினார். அதன் பின் என்ன செய்தார் தெரியுமா? உடனே காவி உடுத்தவில்லை. உறவினர்கள் அழைக்க, திருமறைக்காடு எனப்படும் வேதாரண்யத்துக்குச் சென்று திருமணம் செய்துகொண்டார். ஒரு மகனும் பிறந்தான். துறவு பூண்டதெல்லாம் மனைவியின் காலத்துக்குப் பிறகுதான். ஆக, அவர் முதலில் விட்டது உத்தியோகத்தைத்தான், வீட்டை அல்ல. வேலையை உதறியவர் போய்ச் சேர்ந்த முதல் இடமே வீடுதான்! அவர் வரலாற்றைப் படிக்கும்போது இந்த இடத்தை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

இதைச் சொன்னதும், ''சாமியே வேலைய விட்டாரா!'' என்று சிரித்தார் அந்தப் பெண்மணி.

''மாமியாரிடம் இன்னொன்றும் கேளுங்கள் அக்கா'' என்றேன். ''அந்தி நேரத்தில்தானே விளக்கேற்றி லட்சுமியை வீட்டுக்குள் அழைக்கிறோம்? பத்து வருடத்தில் எத்தனை நாள் அந்தி விளக்கை நீங்கள் ஏற்றியிருப்பீர்கள்?''

விரலை மடக்கி எண்ணினார். வாரத்துக்கு ஒரு நாள் கிடைக்கும் விடுப்பையும், ஆடியிலும் தீபாவளியிலும் பறித்துவிடுவார்களாம்.

அன்பு வாசகிகளே… பெண்கள் வேலைக்கே போகக் கூடாது என்று சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். நானும் சம்பளத்துக்கு எழுதுகிறவள்தான்! வேலை வேண்டும், அதற்கு ஒரு முடிவு நேரமும் வேண்டும். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது, தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்காக 1947-லேயே வந்த சட்டம். நின்றபடியே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் அதில் திருத்தமும் வந்தது. இருக்கை தந்தால் போதுமா, உட்கார விட வேண்டாமா? இரவு ஒன்பது மணிக்குக் கடைக்குள் நுழைந்து, 'அந்த மேல் அடுக்கில் இருக்கே, அதையும் எடுங்க' என்று கேட்டு, முப்பது புடவைகளைப் பிரித்துப் போட வைத்து, ஒன்றும் வாங்காமல் வெளியேறுபவர்கள் நாம்தானே? நானும் அப்படி வந்திருக்கிறேன். மடித்து அடுக்கிவிட்டு அவர்கள் எந்த பஸ்ஸைப் பிடிப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கொஞ்சம் சந்நிதியைப் பாருங்கள். வேண்டுதலோடு எத்தனை பேர் காத்திருந்தாலும், உச்சிக்காலம் முடிந்தால் அம்மனுக்கு நடை சாத்துகிறோம். அர்த்தஜாமம் ஆனால் சிவபெருமானையே பள்ளியறைக்கு அழைத்துச் சென்று, பால் நிவேதித்து, திரையிட்டுவிடுகிறோம். உலகத்தையே கட்டிக்காக்கும் தெய்வத்துக்கும் ஓய்வு நேரம் உண்டு என்று ஆகமம் வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் வீட்டு மகளோ மருமகளோ இரவு பத்து மணிக்குச் செருப்பைக் கழற்றும்போது, அது நமக்குத் தெரிகிறதா? 'இனி முடியலைம்மா, வேலையை விட்டுடறேன்' என்று அவள் சொன்னால், நம் வாயில் இருந்து வரும் முதல் வார்த்தை என்ன? 'லோனை யார் கட்டுறது?' என்பதா, 'முதல்ல வந்து சாப்பிடு' என்பதா? கடன் பொய்யில்லை, அதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். சாப்பிட்ட பிறகு பேசலாமே!

அந்தப் பெண்மணி இப்போது ஊரிலேயே ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறார். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. சம்பளம் பழையதில் பாதிகூட இல்லை. மாமியார் இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். 'தப்பு பண்ணிட்டமோன்னு இன்னமும் சில ராத்திரி தூக்கம் வராதும்மா' என்றார் மறைக்காமல்.

மணியோசை கேட்டது. நடை திறந்துவிட்டார்கள்! தீபாராதனையில் அம்மனின் முகம் பார்த்துக் கண்ணீர் மல்கக் கும்பிட்டார். தகட்டைக் கண்களில் ஒற்றி உண்டியலில் போட்டார். பிராகாரத்தை வலம் வந்து அவருடன் சற்று நேரம் உட்காரலாம் என்று நினைத்தேன். அவரோ அவசரமாகத் திருநீற்றை முந்தானையில் முடிந்துகொண்டார்.

''வர்றேம்மா… இந்த பஸ்ஸை விட்டா, வெளக்கு வைக்க நேரமாயிரும்!''